நேற்றைய குழி

"குழி கோணல்," என்றார் மாசிலாமணி.

குழியார் நிமிரவில்லை. மண்டியிட்டு ஆட்ட மைதானத்துப் புல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எந்தக் குழிங்க?"

"பதினெட்டாவது. நேத்து நீ வெட்டினது. நாலடி தள்ளி நின்னு தட்டினேன். வாய் வரைக்கும் போன பந்து விலகிப் போயிடுச்சு. குழி கோணல்."

"கூடமுங்களா?"

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தமிழ்நாட்டில் இந்தப் பழமொழியை முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சொல்லை விதைத்தால் போதும், மீதி கேட்பவர் காதில் தானே முளைக்கும்.

மாசிலாமணியின் காதில் முளைத்தது. காது சிவந்தது.

குழியார் எழுந்தார். பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியைத் தூக்கி, அந்தக் குழிக்குள் மடமடவென்று கவிழ்த்தார். தண்ணீர் ஏறி, விளிம்பை நாலு பக்கமும் ஒரே நேரத்தில் தொட்டது. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல உள்ளே இறங்கியது.

"தண்ணி கோணலா நின்னுச்சுங்களா?"

மாசிலாமணி மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

*

கோல்ஃப் என்பது ஒரு சிறு பந்தை மட்டையால் அடித்து, அதன் பின்னாலேயே மைல் கணக்கில் நடந்து, பதினெட்டுக் குழிகளில் ஒவ்வொன்றாக விழவைக்கும் ஆட்டம். குறைந்த அடியில் முடித்தவர் வென்றவர். இந்தக் கதைக்கு இதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை. ஆடுகிற பலருக்கும் இதற்கு மேல் தெரியாது.

கோடமலையில் அந்த ஆட்டத்தைக் கூலிக்கு ஆடிய முதல் ஆள் மாசிலாமணி.

பதினோரு வயதில் துரைமாரின் மட்டைப்பையைத் தூக்கப் போனார். பை தூக்குகிறவனுக்கு ஆங்கிலத்தில் கேடி என்று பெயர். தமிழில் அந்தப் பெயர் வேறு ஆட்களுக்கு உரியது. "உம் பையன் கேடியாயிட்டான்" என்று யாரோ சொன்னதும் அவர் தாயார் அழுதுகொண்டே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். ஏட்டு பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஏறலம்மா" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

கற்பூரத் தைல மரத்தின் கிளையை வெட்டி மட்டையாக்கி, அடித்துப் பழகினார். இருபத்திரண்டு வயதில் துரைமாரோடு சமமாக ஆடினார். இருபத்தைந்தில் அவர்களைத் தோற்கடித்தார். அப்புறம் அவர்களுக்கே சொல்லிக் கொடுத்தார்.

அவர் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று. "தலையைத் தூக்காதீங்க, சார்."

பந்தை அடிக்கும்போது தலை நிமிரக்கூடாது என்பது ஆட்டத்தின் முதல் விதி. ஆனாலும், வெள்ளைக்காரர்களைப் பார்த்துத் தலையைக் குனி என்று சொல்லி, அதற்குச் சம்பளமும் வாங்கியவர் அந்த மலையில் அவர் ஒருவர்தான். இதைச் சொல்லிச் சொல்லிக் கேடிகள் பல வருஷம் சிரித்தார்கள்.

கல்கத்தா, கொழும்பு, பெங்களூர் என்று மூன்றாம் வகுப்பில் போய் வந்தார். ஐந்து கோப்பைகள் ஜெயித்தார். எல்லா ஊரிலும் கோப்பையை முன்வாசலில் கொடுத்தார்கள். சாப்பாட்டைப் பின்வாசலில் கொடுத்தார்கள். கூலிக்கு ஆடுகிறவன் கிளப்புக்குள் நுழையக்கூடாது. அவர் பின்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "தேங்க் யூ, சார்" என்று சொல்லிவிட்டு ரயிலேறுவார்.

துரைமார் போனார்கள். தேயிலைத் தோட்டத்து மேனேஜர்களும் மில் முதலாளிகளும் வந்தார்கள். அவர்களும் தலையைத் தூக்கினார்கள். அவரும் தூக்காதீர்கள் என்றார்.

முதல் குழிக்குப் போகும் வழியில் ஒரு மரத்தாலான அறை. வாசலில் ஒரு பலகை. 'டி. மாசிலாமணி, ப்ரொஃபஷனல்.' மட்டைகளைப் பழுது பார்ப்பதும், பாடம் சொல்வதும், மழை பெய்தால் வெளியே பார்த்துக்கொண்டிருப்பதும் அந்த அறையில்தான்.

இப்போது அந்தப் பலகைக்கு ஆபத்து வந்திருந்தது.

கல்கத்தாவிலிருந்து சுக்லால் என்று ஒருவன் வேலை கேட்டு வந்திருந்தான். இருபத்தேழு வயது. கிளப் கமிட்டியார் நியாயவான்கள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் பதினெட்டுக் குழி ஆடட்டும், ஜெயித்தவர் பெயர் பலகையில் இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு. அந்த அறையை விட்டால் வேறு தொழில் தெரியாது.

அத்துடன் நாலடியில் கை நடுங்கும்.

*

தூரத்து அடிகளில் நடுக்கம் இல்லை. இருநூறு கஜத்துக்கு அப்பால் ஒரு துண்டை விரித்தால், அதில் பந்தை இறக்குவார். பந்து குழிக்கு நாலடியில் வந்து நின்றதும் வலது கை தனியாக ஒரு வாழ்க்கை நடத்தத் தொடங்கும்.

தமிழில் அடி என்றால் தூரம். அடி என்றால் அடித்தல். அடி என்றால் பாதம், பாட்டின் வரி, பானையின் கீழ்ப்பக்கம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று எல்லாரும் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். எந்த அடி என்று யாரும் சொல்லவில்லை.

பதினான்கு வருஷம் முன்னால், வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போவதற்கு மூன்று வருஷம் இருந்தபோது, மாகாணத்தின் பெரிய ஆட்டம் கோடமலையில் நடந்தது. துரைமாரும் கூலிக்கு ஆடுகிறவர்களும் சேர்ந்து ஆடிய முதல் ஆட்டம். கடைசிக் குழி. கடைசி அடி. நாலடி தூரம். விழுந்தால் கோப்பை மாசிலாமணிக்கு.

விழவில்லை.

"அந்த இடம் சரிவு," என்று அன்று சாயங்காலம் சொன்னார். மறுநாள் சொன்னார். பதினான்கு வருஷமாகச் சொன்னார். கேட்டவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். யார் வீட்டுச் சரிவு, ஆமாம் சொல்வதில் என்ன நஷ்டம்?

பிட்டுக்கு மண் சுமந்த பெருமான் வாங்கிய அடி உலகத்தார் எல்லார் முதுகிலும் விழுந்ததாம். மாசிலாமணி விட்ட அடி அவர் முதுகில் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

*

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் குழியாரிடம் மறுபடி வந்தார்.

"குழி நேராத்தான் இருக்கு," என்றார்.

"ஆமாங்க."

"கை கோணல்."

குழியார் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அவர் பெயர் அங்கமுத்து. மாசிலாமணியைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பதினெட்டுக் குழிகளையும் தினம் வெட்டுகிறவர். கேடிகள் வைத்த பட்டப்பெயர்தான் குழியார். கேலிக்காக ஒட்டிய 'ஆர்' விகுதி. நாயன்மார்களுக்கு ஒட்டியதுபோல அவருக்கும் பிசகாமல் ஒட்டிக்கொண்டது.

"டாக்டரைப் பாத்தேன். கையில ஒண்ணுமில்லைங்கறார். ஜோசியர் சனிங்கறார். கேரளத்து எண்ணெய் தடவினேன், மட்டை வழுக்கிச்சு. நீ தினம் பதினெட்டுக் குழி பாக்கறவன். ஏதாவது சொல்லு."

"எனக்கு மட்டை புடிக்கவே தெரியாதுங்க."

"தெரிஞ்சவங்க சொன்னதெல்லாம் கேட்டாச்சு."

குழியார் வாளியைக் காட்டினார்.

"அந்த வாளியத் தூக்கிட்டு வாங்க," என்றார்.

கொங்குச் சீமையில் தண்ணீர் கீழே ஓடும்; 'ங்க' மேலே ஓடும். அங்கமுத்து எல்லாருக்கும் 'ங்க' போட்டார். மாசிலாமணி துரைக்கும் மில் முதலாளிக்கும் டாக்டருக்கும் போட்டார். குழி வெட்டுகிறவருக்குப் போட்டதில்லை. வேண்டுமென்று நிறுத்தி வைத்ததும் இல்லை. அந்தப் பக்கம் வாய்க்காலே வெட்டப்படவில்லை, அவ்வளவுதான்.

வாளியைத் தூக்கினார்.

*

குழி வெட்டுவது இப்படி.

ஓர் இரும்புக் குழல். அகலம் நாலேகால் அங்குலம். மேலே குறுக்காக ஒரு பிடி. புல்லில் குழலை நிறுத்தி, பிடியைப் பிடித்துத் திருகி இறக்க வேண்டும். தூக்கினால் குழலோடு ஒரு மண்ணுருளை வரும், தலையில் புல்லோடு. குழலிலிருந்து அது இறங்கும் அழகைப் பார்த்து வேலைக்காரர்கள் அதற்குப் புட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தப் புட்டை எடுத்துப்போய் நேற்றைய குழியில் வைத்து மிதிக்க வேண்டும். தண்ணீர் விட வேண்டும். புதுக்குழியில் தகரக் கிண்ணத்தை இறக்கி, கொடியை நட வேண்டும்.

அவ்வளவுதான். பிறகு அடுத்த குழி.

ஒரே இடத்தில் குழி இருந்தால் எல்லாக் காலும் அங்கேயே மிதித்துப் புல் செத்துப்போகும். அதனால் தினமும் மாற்றுவார்கள். நாற்பது வருஷமாக அந்தக் குழிகளைத் தேடி நடந்த மாசிலாமணிக்கு, அவை மாறும் என்று தெரியும். எப்படி மாற்றுகிறார்கள் என்று யோசித்ததில்லை. சூரியன் மாறுவதுபோல மாறுகிறது என்று இருந்துவிட்டார்.

பெரிய ஆட்டக்காரர் வாளி தூக்குவதைக் கேடிகள் பார்த்தார்கள்.

"ஏனுங்கண்ணா, மறுபடி கேடியாயிட்டீங்களா?"

"இன்னும் பதிவேட்ல ஏறலடா," என்றார் மாசிலாமணி.

புதன்கிழமை ஆறாவது குழியருகே அவர் கேட்டார்.

"உனக்கு இந்த வேலைன்னு சொல்லிப் பொண்ணு குடுத்தாங்களா?"

"மொதல்ல போன எடத்துல, பையன் என்ன பண்றான்னாங்க. குழி வெட்டறான்னு எங்கப்பன் சொன்னாரு. காப்பித் தண்ணிகூடக் குடுக்காம அனுப்பிட்டாங்க. வெட்டியான்னு நெனச்சுட்டாங்களாட்ட இருக்குது."

"அப்புறம்?"

"அடுத்த எடத்துல நானே சொன்னனுங்க. வெள்ளைக்காரங்களுக்குக் குழி வெட்டறனுங்கன்னேன். பொண்ணோட அப்பா காங்கிரஸ்காரரு. எந்திரிச்சு வந்து கையப் புடிச்சுக்கிட்டாரு. அன்னிக்கே வெத்தலை பாக்கு மாத்தியாச்சுங்க."

மாசிலாமணி சிரித்துச் சிரித்து வாளித் தண்ணீரில் பாதியைச் சிந்திவிட்டார். அவர் அப்படிச் சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

மட்டையைப் பற்றிக் குழியார் ஒரு வார்த்தை பேசவில்லை. கையைப் பற்றியும் பேசவில்லை.

வியாழக்கிழமை மாசிலாமணிக்குப் பொறுமை போயிற்று.

"மூணு நாளா வாளி தூக்கறேன். ஞாயித்துக்கிழமை ஆட்டம். ஒண்ணும் சொல்லமாட்டேங்கறயே?"

"சொல்றதுக்கு என்னங்க இருக்குது. நல்லாத்தான் தூக்கறீங்க."

*

வெள்ளிக்கிழமை பதினெட்டாவது குழியில் குழியார் ஒன்றைக் கவனித்தார். வாளியோடு வந்த மாசிலாமணி, புல்வெளியின் இடதுபக்கம் ஓரிடத்தில் நேரே வராமல், வளைந்து சுற்றி வந்தார். அங்கே கல் இல்லை, ஈரம் இல்லை. வெறும் புல்.

"ஏனுங்க சுத்தி வர்றீங்க?"

"சும்மாத்தான்."

"நேத்தும் சுத்தித்தான் வந்தீங்க. முந்தாநாளும்."

மாசிலாமணி வாளியைக் கீழே வைத்தார்.

"அங்கதான் இருக்கு."

"என்னதுங்க?"

"அந்தக் குழி."

குழியார் அந்த இடத்தைப் பார்த்தார். மாசிலாமணியைப் பார்த்தார்.

"காட்டுங்க."

"என்ன?"

"எங்க இருக்குதுன்னு தொட்டுக் காட்டுங்க."

மாசிலாமணி நடந்தார். மணல் பள்ளத்திலிருந்து ஐந்து தப்படி. அங்கிருந்து இரண்டு தப்படி வலது. பதினான்கு வருஷத்தில் அந்தக் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை. குனிந்தார். புல்லைத் தடவினார். இடதுபக்கம் தடவினார், வலதுபக்கம் தடவினார். மண்டியிட்டார். கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தார்.

ஒரு வட்டம் இல்லை. ஒரு தையல் இல்லை. எங்கு பார்த்தாலும் ஒரே புல்.

"இங்கதான் இருந்துச்சு."

"இருந்துச்சுங்க."

"எங்க போச்சு?"

"அடுத்த நாளு காலைலயே மூடிட்டனுங்க," என்றார் குழியார்.

மாசிலாமணி மண்டியிட்டபடியே இருந்தார். தைல மரங்களுக்கு மேலே வெயில் வந்தது. புல்லில் இருந்த பனி ஒவ்வொரு சொட்டாகக் காணாமல் போயிற்று.

"நீயா?"

"நாந்தானுங்க. வேலைக்குச் சேர்ந்த வருஷம்."

"அப்போ அன்னிக்கு அந்தக் குழியை வெட்டினதும்..."

"நாந்தானுங்க."

மாசிலாமணியின் முகம் மாறியது. எவனைத் தேடிக்கொண்டிருந்தாரோ அவன் கையில் கிடைத்த முகம்.

"ஏம்ப்பா, இவ்வளவு பெரிய பச்சைப் புல்லுல, இந்தச் சரிவுதானா கெடச்சுது உனக்கு?"

குழியார் போய் வாளியை எடுத்துவந்தார். அந்தப் புல்லின்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடவில்லை. ஊற்றிய இடத்திலேயே வட்டமாகப் பரவி, வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

"அன்னிக்கு விடியறதுக்கு முன்னாலயே வந்தனுங்க," என்றார் குழியார். "மணலை ஒட்டிப் பின்னால, அந்தச் சரிவுல வெட்டச் சொல்லித் துரைமாருகிட்ட இருந்து சீட்டு வந்திருந்துச்சு. எனக்கு மனசு வல்லீங்க. நம்ம ஆளு ஒருத்தரு இத்தனை தூரம் வந்திருக்காரு. நாலு வாளித் தண்ணி கொண்டாந்து, ஒவ்வொரு எடமா ஊத்தி ஊத்திப் பாத்தேன். இந்தப் பச்சைல தண்ணி நல்லா நின்ன எடம் இதுதானுங்க. இங்க வெட்டினேன்."

மாசிலாமணி தண்ணீரையே பார்த்தார்.

"குழி எல்லாத்துக்கும் ஒண்ணுதான். ஆனா உங்களை நெனச்சுத்தானுங்க வெட்டினேன்."

"சீட்டுல வேற இடம்னு சொன்னியே. கேக்கலையா அவங்க?"

"கேட்டாங்க. பதினஞ்சு நாளு வேலைக்கு வராதேன்னுட்டாங்க. மூடறதுக்கு மட்டும் அடுத்த நாளு வந்துட்டுப் போனனுங்க. நம்ம வெட்டின குழிய நம்மதானுங்களே மூடோணும்."

மாசிலாமணி அந்தத் தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பதினாலு வருஷமா இது சரிவுன்னு ஊர் பூராச் சொல்லிட்டு இருந்தேன்."

"கேட்டனுங்க."

"ஒரு தடவையாவது இல்லைன்னு சொல்லியிருக்கலாமே?"

"எனக்கே ரெண்டு மூணுவாட்டி வாய்வரைக்கும் வந்துச்சுங்க." குழியார் தலையைச் சொறிந்தார். "அப்பறம் நெனச்சேன். பெரிய ஆட்டக்காரரு. ஒரு சரிவுகூட இல்லைன்னா அவரு எதப் புடிச்சுக்குவாரு. இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டனுங்க."

மாசிலாமணிக்கு நாக்கில் முதலில் வந்தது 'தேங்க் யூ, சார்.' நாற்பது வருஷப் பழக்கம். அதை விழுங்கினார். நன்றி என்று தமிழில் ஒரு சொல் உண்டு. அது அழைப்பிதழின் அடியில் அச்சிடுவதற்கும் கூட்டத்தின் முடிவில் ஒருவர் எழுந்து உரைப்பதற்கும் வைத்திருப்பது. எதிரே நிற்கிற மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லித் தமிழர்களுக்குப் பழக்கமில்லை. அதற்கு நாம் வேறு வாக்கியம் வைத்திருக்கிறோம்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இனிமேத்தானுங்க."

குழியார் தூக்குப்போசியைத் திறந்தார். ராகிக்களி, கீரைக் கடைசல். ஒரு விள்ளலை மூடியில் வைத்து நீட்டினார். இருவரும் தண்ணீர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஐந்து கோப்பைகள் ஜெயித்த மாசிலாமணி, ஆட்ட மைதானத்தில் இன்னொருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டது அதுவே முதல் தடவை.

எழுந்திருக்கும்போது கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை எங்க வெட்டுவே?"

"அன்னிக்குக் காலைல பாத்துத்தானுங்க."

"எனக்காக ஒண்ணும் பண்ணாதே."

"பண்ண மாட்டனுங்க. ஒருவாட்டி பண்ணினது போதும்."

"ஆட்டம் பாக்க வருவியா?"

"குழி வெட்டினவன் நின்னு பாத்தா, எந்தப் பந்து விழோணும்னு மனசு ஆசைப்படுதுங்க. அதுக்கப்பறம் நான் எந்த ஆட்டமும் பாக்கறதில்லை."

*

ஞாயிற்றுக்கிழமை மேகம் இல்லை. கமிட்டியார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கேடிகள் மரத்தில் ஏறினார்கள்.

சுக்லால் நன்றாக ஆடினான். மாசிலாமணியும் நன்றாக ஆடினார். ஒவ்வொரு குழியிலும் பந்தை எடுத்த பிறகு ஒரு கணம் குனிந்து உள்ளே பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று சுக்லாலுக்கு விளங்கவில்லை. விளிம்பு எவ்வளவு சுத்தமாக வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழும் சுத்தம்.

பதினேழு குழி முடிந்தபோது இருவரும் சமம்.

பதினெட்டாவது குழி அன்று புல்வெளியின் நடுவில் இருந்தது. சுக்லால் நான்காவது அடியில் பந்தை உள்ளே போட்டான். மாசிலாமணி மூன்று அடி அடித்திருந்தார். பந்து நாலடியில் நின்றது.

விழுந்தால் மறுபடி சமம். இன்னொரு குழி ஆடலாம். விழாவிட்டால் பலகை போய்விடும்.

எல்லார் கண்ணும் அவர் வலது கையில்.

கை நடுங்கவில்லை.

அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கையைப் பார்த்தார். பழைய சிநேகிதனைப் பார்ப்பதுபோல. பிறகு பந்தைப் பார்த்தார். தலையைத் தூக்கவில்லை. தட்டினார்.

பந்து நேராகப் போனது. விளிம்பைத் தொட்டது. ஓர் அரை வட்டம் சுற்றியது.

வெளியே நின்றது.

நடுங்காத கைக்கும் பந்து கட்டுப்பட்டதல்ல. இதை எந்த டாக்டரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

மரத்தின்மேல் யாரோ "ஐயோ" என்றார்கள். கமிட்டித் தலைவர், மில் முதலாளி, மாசிலாமணியிடம் பதினோரு வருஷம் பாடம் கேட்டும் தலையைத் தூக்குகிறவர், எழுந்து வந்தார். நல்ல மனிதர். கண் கலங்கியிருந்தது.

"உங்க மேல தப்பில்லை, மாசிலாமணி. நான் பாத்தேன். அந்த இடம் சரிவு."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

மாசிலாமணி குழியைப் பார்த்தார். விளிம்பைச் சுற்றிப் புல் இன்னும் ஈரமாக இருந்தது. யாரோ விடியற்காலையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

"இல்லீங்க சார்," என்றார். "சமம்."

சுக்லாலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அறையின் சாவியைக் கொடுத்தார். "வடமேற்கு மூலையில ஒழுகும். மழைக்கு முன்னால ஒரு தகரம் வெச்சுக்கோ," என்றார். சுக்லாலுக்குத் தமிழ் புரியவில்லை. குரல் புரிந்தது. குனிந்து அவர் காலைத் தொட்டான்.

*

திங்கட்கிழமை விடிந்தது.

சாமான்கள் வைக்கும் கொட்டகையின் சாவி ஆணியில் இல்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே இரும்புக் குழல் இல்லை, வாளி இல்லை. குழியார் பதறி வெளியே வந்தார்.

பதினெட்டாவது புல்வெளியில் மாசிலாமணி மண்டியிட்டிருந்தார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருந்தார். முழங்கால் இரண்டும் சேறு. பக்கத்தில் குழலும் காலி வாளியும்.

கொடி வேறிடத்தில் நின்றது. அதன் அடியில் ஒரு புதுக்குழி. முதல் கை வெட்டு. விளிம்பு கொஞ்சம் பிசிறு. ஆனால் சுற்றிலும் ஊற்றிய தண்ணீர் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

குழியார் புல்வெளியின் நடுவுக்கு வந்தார். குனிந்து தேடினார். காலால் அழுத்திப் பார்த்தார்.

"ஏனுங்க, நேத்து குழி எங்கீங்க?"

மாசிலாமணி எழுந்தார். கையிலிருந்த மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"மூடிட்டனுங்க," என்றார்.